ராட்சசக் கூட்டத்தில் சுகுமாறன்

சாலையோரப் புல்லில் குனிந்து ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார் சுகுமாறன். காலை எட்டு மணி. ஜொகூரின் ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. மூக்கு நசுங்கிய வெள்ளைக் காருக்குப் பக்கத்தில், தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண்மணி ஒரு கால் வெறுங்காலாக நிற்கிறார். கார் நொறுங்கியதே அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. செருப்பைக் காணோம், செருப்பைக் காணோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேடியது கிடைக்காமல் போகவே சுகுமாறன் தம் இழுவை லாரிக்குப் போய், இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைக்கிறார்.

"இத போட்டுக்குங்கம்மா, கண்ணாடித் துண்டு கெடக்கு. சாபார், சாபார், பொறுமையா இருங்க. மொதல்ல தண்ணி குடிங்க. காரு எங்கயும் ஓடிப் போகாது லா."

கார் ஓடித்தான் போனது. தண்ணீர்ப் போத்தலின் மூடியை அவர் திருகிக் கொடுத்த அந்த அரை நிமிடத்துக்குள், அவசரப் பாதையில் சீறி வந்த இன்னொரு இழுவை லாரிக்காரன் கொக்கியை மாட்டிவிட்டுச் சுகுமாறனைப் பார்த்துக் கையாட்டினான். சுகுமாறனும் பதிலுக்குக் கையாட்டினார்.

விபத்தில் மாட்டிய கார்களை இழுத்துப் போய்ப் பிழைக்கிறவர்களிடம் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருக்கிறது. எவன் கொக்கி முதலில் விழுகிறதோ, வண்டி அவனுக்கு. கொக்கி விழுகிற வரைக்கும் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். லாரியோடு லாரி உரசலாம், சட்டையைப் பிடிக்கலாம், இரும்புக் குழாயைத் தூக்கலாம். விழுந்துவிட்டால் முடிந்தது; அந்த வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது. நாட்டின் மற்ற சட்டங்கள் எதையும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத இந்த மனிதர்கள், இந்த ஒன்றை மட்டும் கோயிலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார்கள். இந்தச் சட்டத்தால் அதிகம் இழந்தவர் சுகுமாறன்தான். பாதி விபத்துகளுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேருவார். போனதும் வண்டியைப் பார்க்க மாட்டார், வண்டியிலிருந்து இறங்கிய ஆளைப் பார்ப்பார். தப்பு அங்கேதான் நடக்கிறது.

வயது நாற்பத்தேழு. ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்ட சட்டை. பார்த்தால் பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை செய்கிறவர் என்றுதான் தோன்றும். அவர் வேலை செய்வதோ தெப்ராவ் தொழிற்பேட்டையில், துத்தநாகத் தகரம் அடைத்த தங்கராஜுவின் யார்டில். ஆறு லாரி, ஒன்பது ஆள். அந்த ஒன்பதில் சுகுமாறனைக் கழித்துவிட்டால் மிச்சம் எட்டும் எட்டுத் திக்கிலும் அடிதடிக்குப் பேர்போனவை. முதலாளி தங்கராஜுவுக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமினாலே யார்டு நாய் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவர் தம்பி ரூபேந்திரனுக்கு இரண்டு கையிலும் புலி, முதுகில் டிராகன். போதாதென்று வாயில் எப்போதும் ஒரு கெட்ட வார்த்தை தயாராக இருக்கும்.

சுகுமாறனின் மனைவி யோகேஸ்வரி இவர்கள் எல்லோர் எண்ணையும் தம் கைப்பேசியில் ராட்சசன் ஒன்று, ராட்சசன் இரண்டு என்று வரிசையாகப் பதிந்து வைத்திருக்கிறார். சாப்பிடுகிற நேரத்தில் மணி அடித்தால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க ராட்சசக் கூட்டம் கூப்புடுது. ஒண்ணாம் நம்பரு," என்பார். கோபமாகச் சொல்வதில்லை. தீபாவளிக்கு அந்த எட்டுப் பேருக்கும் முறுக்கு சுட்டு டப்பா டப்பாவாக அனுப்புகிறவரும் அவரேதான்.

மற்றவர்கள் லாரியில் இருக்கைக்கு அடியில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவதே நல்லது. சுகுமாறனின் இருக்கைக்கு அடியில் மூன்று அளவில் செருப்பு, இரண்டு குடை, தண்ணீர்ப் போத்தல், ஒரு பிஸ்கட் டின், உலகத்தில் உள்ள எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்துகிற சார்ஜ் கம்பிகள். ஒரு முறை ரூபேந்திரன் மனம் கேட்காமல், "பாதுகாப்புக்கு வெச்சிக்குங்கண்ணே," என்று ஓர் இரும்புக் குழாயையும் அங்கே செருகிவிட்டுப் போனான். கொஞ்ச நாள் அது யாரோ ஒருவருடைய காரின் எஞ்சின் மூடியைத் தாங்கிப் பிடித்தது. கொஞ்ச நாள் நனைந்த குடைகள் அதில் தொங்கின. அப்புறம் வீட்டுக்குப் போய் யோகேஸ்வரியின் பாகற்கொடிக்குக் கொழுகொம்பாக நின்றுவிட்டது. போன வாரம்கூட அதிலிருந்து நாலு காய் பறித்தார்கள். ரூபேந்திரனுக்கு இரண்டு கொடுத்தனுப்பினார்கள்.

கொக்கி அவருடையதாகவே விழுந்துவிட்ட நாள்களில்கூட உடனே இழுத்துக்கொண்டு போய்விட மாட்டார். காரின் முன்கண்ணாடிக்கு உள்ளே எட்டிப் பார்ப்பார். அங்கே ஒரு குட்டிப் பிள்ளையாரோ, மணிமாலையோ, சிலுவையோ, சீனச் சிவப்புக் கயிறோ எப்படியும் இருக்கும். அதை எடுத்துத் துணியில் துடைத்து உரியவர் கையில் கொடுத்த பிறகுதான் லாரியை எடுப்பார். "சாமிய மொதல்ல எறக்கிடுவோங்க. பெங்கேல் பட்டறையில எத்தன நாள் கெடக்குமோ, யாரு வெளக்கு போடுவா?" என்பார். மலாய்க்காரரிடம் இதையே மலாயில் சொல்வார். கார் நொறுங்கியபோது அழாமல் நின்ற ஒரு சீனப் பெரியவர், இந்தக் கயிறு கைக்கு வந்ததும் அழுதுவிட்டார். சுகுமாறன் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

சண்டையைக் கண்டால் அவர் ஓடுகிறவர் இல்லை. அதுதான் வேடிக்கை. ஒரு மழை நாளில் ரூபேந்திரனும் வேறொரு யார்டு ஆளும் சாலைச் சந்திப்பில் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். ரூபேந்திரனுக்கு முதல் நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது. சுகுமாறன் குடையை விரித்துக்கொண்டு போய் இருவருக்கும் மேலே பிடித்தார். அவர்கள் உருண்ட பக்கமெல்லாம் குடையும் கூடவே போனது. காரில் இருந்த சனங்கள் படம் எடுக்கத் தொடங்கவும், கீழே கிடந்தவன் முதலில் சிரித்துவிட்டான். "அலமாக், என்னா ஆளுடா இது," என்று சட்டையை உதறிக்கொண்டு எழுந்துபோனான். ரூபேந்திரன் மட்டும் ஒரு வாரம் சுகுமாறனோடு பேசவில்லை. மானம் போயிற்றாம்.

யார்டில் அவருக்குச் சாமியார் என்று பெயர். மாலையில் வெறும் லாரியோடு திரும்பினால், "சாமியாரே, இன்னிக்கி எத்தன வண்டி தானம் பண்ணீங்க?" என்று ஒரே சிரிப்பாக இருக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் புது லாரி வந்தால் சாவி அவர் கைக்குத்தான் வரும். எவனும் மறுப்புச் சொன்னதில்லை.

அமைதியான மனிதருக்கு இந்த இடம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காரர் வீடு தேடி வந்து, சீருடை, குளிர்சாதன லாரி, வார விடுமுறை எல்லாம் தருகிறேன் என்று அழைத்தார். சுகுமாறன் அவருக்குப் பால் விடாத தே ஓ போட்டுக் கொடுத்து, "வேணாங்க. அண்ணன் இருக்காரு," என்று அனுப்பிவைத்தார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. விளக்கம், அவர் முன்பு குடியிருந்த கோத்தா திங்கி ஊரின் வெள்ளத்தில் இருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். யோகேஸ்வரிக்குப் பிரசவ வலி. வீட்டு வாசலில் இடுப்பளவு தண்ணீர். எந்த வண்டியும் வராத நேரம். தங்கராஜு பெரிய லாரியை எடுத்துக்கொண்டு கதவு மட்டத் தண்ணீரில் வந்தார். வழி நெடுக வெள்ளத்தையும் வானத்தையும் சாலை போட்டவனையும் பச்சை பச்சையாகத் திட்டிக்கொண்டே மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மகள் லோஷினி இப்போது ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் பிறக்கும் முன்பே அத்தனை கெட்ட வார்த்தையும் கேட்டாச்சு என்று சிரிப்பாள். சுகுமாறனுக்கு மட்டும் அந்தப் பேச்சு வந்தால் கண் கலங்கிவிடும். அண்ணன் என்றால் அவருக்கு அண்ணன்தான்.

போன மாதம் தெப்ராவ் சாலையில் ஒரு விபத்து. கார் ஓட்டி வந்தவர் தேவானந்தன் என்ற ஓய்வுபெற்ற அரசாங்க எழுத்தர்; நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே சாய்ந்திருந்தார். சுகுமாறன் கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்தபடி ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தார். அப்போது பெர்மாஸ் ஜெயா பகுதியிலுள்ள வேறொரு யார்டின் ஆள் இருவர் வந்து இறங்கினார்கள். தள்ளு, கொக்கி போடணும் என்றார்கள். உள்ளே ஆள் இருக்கிறார், கொஞ்சம் சாபார் என்றார் சுகுமாறன். ஒருவன் அறைந்தான். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அவர் பிடித்திருந்த கையை விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, பெரியவர் பிழைத்துக்கொண்டார். கார் அடித்தவர்களோடு போனது.

யார்டில் சுகுமாறன் சொன்ன பொய்யை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

"கதவுல இடிச்சிக்கிட்டேன்."

ரூபேந்திரன் கிட்டே வந்து அவர் கன்னத்தை உற்றுப் பார்த்தான். "கதவுக்கு அஞ்சு வெரலாண்ணே?"

இவர் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஆனால் ஜொகூரில் ஓடுகிற எல்லாக் காரிலும் கேமரா இருக்கிறது. நாலாம் நாள் அந்தக் காட்சி வாட்சாப்பில் சுற்றிச் சுற்றித் தங்கராஜுவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. பசியாறிக்கொண்டிருந்தவர் அதை மூன்று தடவை பார்த்தார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். தங்கராஜு கத்தினால் யாரும் பயப்பட வேண்டியதில்லை. அவர் கத்தாமல் இருந்ததுதான் சுகுமாறனைப் பயமுறுத்தியது.

காரணம் உண்டு. முன்பு ஒரு கைகலப்பு வழக்கில் நீதிமன்றம் தங்கராஜுவை நன்னடத்தை ஜாமீனில் விட்டிருந்தது. அது முடிய இன்னும் நாலு மாதம். அதற்குள் இன்னொரு சண்டை என்றால் நேராக உள்ளேதான், அப்புறம் நான் வந்தும் பிரயோசனம் இல்லை என்று வழக்கறிஞர் கையை விரித்திருந்தார். தங்கராஜுவின் மனைவி கஸ்தூரி சமையலறை நாள்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வருகிறார் என்பது சுகுமாறனுக்குத் தெரியும்.

அன்று மாலை மூன்று மணிக்கு மழை விட்டிருந்தது. எட்டுப் பேரும் யார்டில் கூடிவிட்டார்கள். இருக்கைக்கு அடியில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. தங்கராஜுவின் பிக்கப் முன்னால், அதற்குப் பின்னால் இரண்டு லாரி. ஒரே வாசலைப் பார்த்து வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன.

"அண்ணே, வேணாண்ணே. எனக்கு வலிக்கவே இல்ல," என்றார் சுகுமாறன்.

"ஒனக்கு வலிக்கலன்னா என்னாடா?" தங்கராஜு அலுவலக அறைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார். "எனக்கு வலிக்குது."

"என் மேலதான கை வெச்சானுங்க. நான்தான் விட்டுட்டேனே."

"நீ விடுவே. நீ எல்லாத்தையும் விடுவே. நீ வர வேணாம், இங்கயே இரு. தே ஓ குடி. போய்ட்டு வந்துர்றோம்."

எட்டுப் பேரும் கிளம்புவது சுகுமாறனுக்காக. அவர் கன்னத்துக்காக. வேறு யாருக்காவது என்றால் அவர் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். போலீசை அழைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அழைத்தால் அண்ணனைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஜாமீனும் அங்கேயே முறிந்துவிடும். அழைக்காமல் இருந்தால் இன்று சாயங்காலம் யாரோ ஒருவன் மண்டை உடையும். எட்டுப் பேரும் பார்க்க, அவர் தம் லாரியில் ஏறி வாசலுக்கு வெளியே போனார். சாமியார் கோவித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று எவனோ சொன்னான்.

வெளியே போன லாரி நின்றது. பின்னோக்கி வருகிற சத்தம், பீப் பீப் என்று கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் இழுவைக்கரம் இறங்கி, பிக்கப்பின் முன்சக்கரங்களை அள்ளி, அரை ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டது. சுகுமாறன் குதித்து இறங்கி ஓடிவந்து கொக்கியையும் மாட்டினார். பத்தொன்பது வருடத்தில் எந்தப் பந்தயத்திலும் ஜெயிக்காத மனிதர், பதினோரு விநாடியில் வேலையை முடித்தார் என்று ரூபேந்திரன் பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். யார்டுக்கு இருப்பது ஒரே வாசல். அதன் நடுவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது முதலாளியின் பிக்கப்.

தங்கராஜு நிதானமாக நடந்து வந்தார். கையில் இரும்புக் குழாய்.

"என்னா பண்ணி வெச்சிருக்கே?"

"கொக்கி போட்டுட்டேண்ணே."

"தெரியுது. எடு."

"மாட்டேண்ணே."

இந்தச் சொல்லை அந்த யார்டு அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. ரூபேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. லாரியிலிருந்து குதித்து, "தள்ளுங்கண்ணே, நான் கழட்டுறேன்," என்று கொக்கியைப் பிடிக்கக் குனிந்தான்.

"ஏய்! கை வெக்காத!" தங்கராஜு போட்ட சத்தத்தில் நாய் லாரிக்கு அடியில் போய்விட்டது. "கொக்கி விழுந்த வண்டிடா அது! அடுத்தவன் தொடலாமா?"

முப்பது வருடப் பழக்கம். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பின்னால் எவனோ சிரிக்கத் தொடங்கி, அதை இருமலாக மாற்றிக்கொண்டான். ரூபேந்திரன் குனிந்த நிலையிலேயே நின்றான். நிமிர்வதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தங்கராஜுவின் முகம் கறுத்தது. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுகுமாறனை நெருங்கினார். நின்ற இடத்திலிருந்து சுகுமாறன் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்கராஜு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னையும் அவனுங்க மாதிரி நெனச்சிட்டியாடா?"

"இல்லண்ணே," என்றார் சுகுமாறன். "புதுக் கண்ணாடி."

யாரும் சிரிக்கவில்லை. சுகுமாறனே தொடர்ந்து பேசினார். குரல் உடைந்திருந்தது. "நாலு மாசம்ண்ணே. நாலே நாலு மாசம். அண்ணி நாள எண்ணிக்கிட்டு இருக்காங்க. என்னால நீங்க உள்ள போனா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவங்க முன்னாடி போய் நிப்பேன்? அடிக்கணும்னா என்னைய அடிங்க. இவனுங்க எல்லாரும் அடிக்கட்டும். கொக்கிய மட்டும் எடுக்க மாட்டேன்."

தங்கராஜு வாசலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தூக்கிய பிக்கப்பைப் பார்த்தார். திடீரென்று அதன் கதவைத் திறந்து, சாய்ந்து கிடந்த இருக்கையில் எப்படியோ ஏறி உட்கார்ந்து, கதவைப் படாரென்று சாத்தினார். குழாய் இன்னும் கையில்தான் இருந்தது.

"இழு! எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போ! நான் எறங்க மாட்டேன்."

"வீட்டுக்குத்தான்ண்ணே. ரெண்டு தெருதான. மெதுவா போலாம்."

பின்னால் நின்ற இரண்டு லாரியும் ஒவ்வொன்றாக எஞ்சினை நிறுத்தின. அன்று பெர்மாஸ் ஜெயாவுக்கு யாரும் போகவில்லை. ரூபேந்திரன் வாசலுக்கு ஓரமாகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அழுதான் என்று சிலர் சொல்கிறார்கள். அவன் இல்லை என்கிறான்.

சுகுமாறன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லாரியை நோக்கி நாலடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து பிக்கப்பின் கதவைத் திறந்தார். தங்கராஜு வேறு பக்கம் பார்த்தபடி உர்ரென்று உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கிடந்த குழாயைச் சுகுமாறன் ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அந்தப் பெரிய வயிற்றுக்குக் குறுக்கே எட்டி, இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டிவிட்டு, சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.